பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அன்பர்

1

இம்மாதத்தோடு நான் கொழும்புக்கு வாழவந்து பதினெட்டு ஆண்டுகள் நிறைகின்றன. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழேயுள்ள வெதுப்பகத்திலிருந்து என் கணவர் தயாபரன் லவ் கேக் வாங்கிவந்தார். முந்திரியும் ரவையும் சேர்ந்த, இந்நகரத்துக்கே உரிய அந்த இனிப்பை வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் யாழினி கேட்டாள்:

“பதினெட்டு வருசத்தில இங்க உங்களுக்கு என்னம்மா கிடைச்சது?”

“ஒரு கணவர், ஒரு மகள், ஒரு பகைவர்.”

“பாத்தியே பிள்ளை,” என்றார் தயாபரன். “மூண்டாவது ஆளைச் சொல்லேக்கதான் அம்மான்ர முகம் மலருது.”

அவர் சொன்னது உண்மை. கணவரையும் மகளையும் விதி தந்தது என்று சொல்லலாம். பகைவரை நானே பேணி வளர்த்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து வரும் இவ்விதழுக்கு நான் இதுவரை எழுதியனுப்பிய குறிப்புகளில் கடற்காற்று இருந்தது, காலி வீதியின் இரைச்சல் இருந்தது, இடியப்பமும் சொதியும் இருந்தன. அவற்றைப் படித்த என் கல்லூரித் தோழி ஒருத்தி, “அந்த ஊரில் உனக்குப் பிடிக்காத மனிதரே இல்லையா?” என்று கேட்டு எழுதியிருந்தாள். இருக்கிறார். இக்குறிப்பு அவரைப் பற்றியது. இது அன்போடு எழுதப்படவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

2

முதலில் என் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகைக்கு வேர் அதுவே.

நான் வி. மங்கையர்க்கரசி. முன்னெழுத்து என் தந்தை விருத்தாசலத்தைக் குறிப்பது. திருச்சியில் இதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. கடல் கடந்ததும் குடும்பப்பெயர் எது, சொந்தப்பெயர் எது என்று கட்டங்கள் கேட்டன. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் குடும்பப்பெயராகிவிட்டது. ஆண்டுதோறும் விசா எனும் வதிவிட இசைவைப் புதுப்பிக்கக் குடிவரவு அலுவலகத்தில் காத்திருப்பேன். “மிஸிஸ் விருத்தாசலம்!” என்று கூப்பிடுவார்கள். அது என் அம்மாவைக் குறிக்கும் பெயர். அம்மா திருச்சியில் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்காக நான் இங்கே எழுந்து செல்வேன்.

கணவரைச் சார்ந்து பெறும் அந்த இசைவில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள்: ஊதியம் பெற்றோ பெறாமலோ எத்தொழிலும் செய்யலாகாது. ஓராண்டு அலுவலர் ஒருவர் தாள்களைப் புரட்டியபடி, “ரஸ்ஸாவ மொகக்த?” என்றார். எனக்குச் சிங்களம் அன்றும் வராது, இன்றும் வராது. அப்போது எட்டு வயதிருந்த யாழினி என் பக்கம் திரும்பி, “அம்மாட வேலை என்னவாம்” என்று மொழிபெயர்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே விடையும் சொன்னாள்: “குருவரியெக்.” ஆசிரியை.

தயாபரனின் முகம் வெளுத்தது. “வீட்டில, சேர், வீட்டில. இவளுக்கு மட்டும்தான் படிப்பிக்கிறவ,” என்று மூன்று மொழியிலும் கலந்து சொன்னார். அலுவலர் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

திரும்பும் வழியில் முச்சக்கர வண்டிக்காரரோடு யாழினி சிங்களத்தில் பேரம் பேசினாள். நான் பொருள் புரியாமல் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். மகள் என்னைவிட்டு எந்த வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறாள் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். சில ஆண்டுகளில் அவள் படிப்பது ஆங்கிலத்தில், சண்டையிடுவது சிங்களத்தில் என்றாயிற்று. என்னிடம் பேசும்போது மட்டும் தமிழ்; அதுவும் தோழியர் இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். “எங்கட அம்மா டிவி சீரியல் தமிழ்தான் கதைப்பா,” என்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒருமுறை சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

3

ஆனால் அவள் அலுவலரிடம் சொன்னது பொய்யன்று. கொட்டாஞ்சேனையில், இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய தனியார் கல்வி நிறுவனத்தில் நான் ஊதியமின்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நேர அட்டவணையில் என் பெயர் இராது; இயக்குநரின் பெயரே இருக்கும். இசைவு முத்திரையை எண்ணி நானும் அதற்கு உடன்பட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குத் தேர்வாகி வகுப்புத் தொடங்கக் காத்திருக்கும் மாணவர்களுக்கான பயிற்சி அது. பள்ளியில் தமிழில் படித்தவர்கள், முதலாண்டிலேயே ஆங்கிலத்தில் அமைந்த புள்ளியியல் மென்பொருள் ஒன்றைக் கையாள வேண்டும். திரையில் கட்டளைக்காகக் காத்து மின்னும் கோட்டைக் கண்டதும் பாதிப்பேர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு முதலடி எடுத்துவைக்கக் கற்பிப்பதே என் வேலை.

திருச்சியில் நான் பயின்ற கல்லூரியில் கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்வோம். கணினிக்குத் தூசி ஆகாதாம். கொட்டாஞ்சேனையிலும் முதல்நாள் பழக்கத்தால் வாயிலில் கழற்றினேன். பின்னால் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தாங்களும் கழற்றினார்கள். அன்றுமுதல் அவ்வகுப்புக்கு ‘மிஸ்ட கோயில்’, அதாவது ஆசிரியையின் கோயில், என்று பெயர் வந்தது.

சொற்கள் இடறின. நான் சராசரி என்றால் அவர்கள், “இடையா மிஸ்?” என்பார்கள். மிகுதியாகத் திரும்ப வரும் எண்ணை நான் முகடு என்பேன்; இந்நாட்டுப் பாடநூல் ஆகாரம் என்கிறது. “ஆகாரம் காணுவமா மிஸ்?” என்று ஒருவன் கேட்டபோது, உணவு இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கடிந்துகொண்டேன். வகுப்புச் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

என் வகுப்பில் முதல்நாள் எவரும் சராசரி காணக்கூடாது. தரவை நிரைநிரையாகக் கண்ணால் படிக்க வேண்டும். ஒவ்வொரு நிரையும் ஓர் ஆள். ஆளைப் பாராமல் கூட்டாதே என்பேன். அதற்கென்று பயிற்சித் தரவு ஒன்றையும் நானே திரட்டினேன். கொட்டாஞ்சேனை வகுப்பிலும், அதே நிறுவனம் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் நடத்திய வகுப்பிலும் மாணவர்களிடம் சில வினாக்கள் கேட்டேன். உறங்கும் நேரம் எவ்வளவு, வீட்டிலிருந்து வகுப்புக்கு எவ்வளவு தூரம், உடன்பிறந்தோர் எத்தனை பேர்.

கொட்டாஞ்சேனையில் எல்லோரும் ஒரு நொடியில் எழுதித் தந்தார்கள். வெள்ளவத்தையில் கடைசி வினாவில் பேனாக்கள் நின்றுவிட்டன.

“மிஸ், அண்ணா லண்டனில. அவரையும் எண்ணுறதா?”

“என்ர அக்கா கனடாவில மிஸ். கோல் எடுத்தா ஆன்சர் பண்ண மாட்டா. அவவை அரைவாசியா எழுதவா?”

“மிஸ், எங்கட ஆள் பிரான்சுக்குக் களவாப் போனவர். எழுதினா பிரச்சினை வராதே?”

“டேய், மிஸ் என்ன பிரெஞ்சுப் பொலிஸா?”

விரும்பாதவர்கள் வெற்றாக விடலாம் என்றேன். வீட்டில் இல்லாத உடன்பிறப்பை எண்ணுவதா விடுவதா என்று தெரியாத பிள்ளைகள் பலர் வெற்றாகவே விட்டார்கள். அவ்வெற்றிடங்களில் நான் 9 என்று இட்டேன். விடை வராத இடத்தில் நிகழவொண்ணா ஓர் எண்ணை இடுவது எங்கள் துறையில் பழைய வழக்கம். பிறகு மென்பொருளிடம், 9 என்பது எண்ணன்று, மௌனம் என்று ஒரு கட்டளையால் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காவிட்டால் அது மௌனத்தையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

அக்கட்டளையை என் வழிகாட்டித் தாள்களில் வேண்டுமென்றே எழுதவில்லை. மாணவர்கள் அந்தக் குழியில் ஒருமுறை விழ வேண்டும். விழுந்தபின் நான் வாயால் சொல்வேன். மருதானையிலிருந்து வந்த ரிஸ்னா என்ற மாணவி, முதல்நாள் விதியை மீறி விரைந்து கட்டளையிட்டு வெற்றிக்குரலில் கூவினாள்: “வெள்ளவத்த ஆக்களுக்குக் கூடப்பொறந்தவங்க நாலு பேர் மிஸ்! எங்களுக்கு ரெண்டரதான்!”

“ஒன்பது பேர் உள்ள வீட்டுக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா,” என்றேன்.

அவள் நிரைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். திடீரென வாயைப் பொத்திக்கொண்டாள். “அல்லாஹ்! இது ஆளில்ல மிஸ், வெறும் எடம்!”

அந்த ஒரு கூவலுக்காகவே அத்தரவை அப்படி அமைத்திருந்தேன்.

4

இயக்குநர் முன்பு காப்பீடு விற்றவர். எதையும் எவர் தலையிலும் கட்டும் வல்லமை அவருக்கு இருந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் என் தாள்கள் மாணவர்களிடையே படியெடுக்கப்பட்டு ஹெவ்லொக் டவுன் வரை பரவியிருப்பதைக் கண்டு, “புத்தகமாப் போடுவம் மிஸ்” என்றார். நான் மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்து அட்டை மாதிரியைக் காட்டினார். ‘புள்ளிவிபர மென்பொருளில் முதற்படி’ என்ற தலைப்பின்கீழ் அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

“இதை எழுதியவள் நானல்லவா?” என்றேன்.

“இன்ஸ்டிடியூட்டில செய்த வேலை இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் மிஸ். இன்ஸ்டிடியூட் எண்டா நான்.”

“என் பெயரையும் சேர்த்துப் போடலாமே.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து அமர்ந்தார். “போடலாம். நாளைக்கு இமிகிரேஷன்காரன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டா ஆர் பதில் சொல்லுறது? உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

“என் நன்மைக்காகவா உங்கள் பெயரைப் போடுகிறீர்கள்?”

“ஆரின்ர பேராவது வேணும்தானே மிஸ்,” என்று சிரித்தார். “ஆனா உங்களை மறக்கேல்லை. முன்னுரையில சொல்லியிருக்கிறன், பாருங்கோ.”

பார்த்தேன். ‘இந்நூலாக்கத்தில் உதவிய, பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அன்பருக்கும் நன்றி’ என்றிருந்தது.

திருட்டை நான் ஒருவேளை பொறுத்திருப்பேன். ‘விரும்பாத’ என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. என் உழைப்பை எடுத்துக்கொண்டதோடு நில்லாமல், என் விருப்பத்தையும் எனக்காக அவரே எழுதியிருந்தார். அடுத்த மாணவர் அணிக்குத் தம் மருமகன் கற்பிப்பான் என்பதையும் அப்போதே தெரிவித்தார்.

வீட்டுக்கு வந்து தயாபரனிடம் சொன்னேன். “வழக்குப் போடேலாது. போட்டா முதல்ல உம்மைத்தான் பிளேன் ஏத்துவாங்கள்,” என்றார். அதை அவர் கோழைமையால் சொல்லவில்லை, அது கணக்கு. ஆனால் என் பெயரை மீட்காமல் இந்நகரில் தலைநிமிர்ந்து நடப்பதில்லை என்று அன்று உறுதிகொண்டேன். மீட்கும்போது அவருக்கு வலிக்க வேண்டும் என்றும் உறுதிகொண்டேன். எது முதலில் தோன்றிய உறுதி என்று கேட்டால், இரண்டாவதுதான்.

5

பழிவாங்கக் காலம் கனிய வேண்டும் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அது பழமாகவே வீட்டுக்கு வந்தது. இயக்குநர் அச்சுப்படியை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

“மிஸ், கோவிக்கக் கூடாது. கொழும்பில உங்களைப்போல தமிழ் தெரிஞ்ச ஆள் எனக்கு வேற ஆர்? எழுத்துப்பிழை மட்டும் பாத்துத் தாங்கோ. கணக்குப் பக்கம் போக வேண்டாம், அது நான் பாத்திட்டன்.”

நாணம் என்ற ஒன்று மனிதருக்கு இயற்கையாய் அமைவதென்றே அதுவரை எண்ணியிருந்தேன்.

படித்தேன். என் தாள்கள் வரிக்கு வரி இருந்தன. தரவும் அப்படியே இருந்தது, ஒன்பதுகளோடு. அவற்றுக்கான கட்டளை இல்லை. நான் எழுதாததை அவர் எங்கிருந்து எடுப்பார்? இறுதியில் அவர் தாமாகவே ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தார். வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்கள் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களைவிடப் பெரியவை என்று மென்பொருள் நிறுவியிருப்பதாகவும், வசதியுள்ள இடத்தில் பிள்ளைப்பேறு பெருகுவதை இது காட்டுவதாகவும், புலம்பெயர்வால் நம் வீடுகள் வெறிச்சோடுகின்றன என்று புலம்புவோர் இனியேனும் வாய்மூட வேண்டுமென்றும் எழுதியிருந்தார்.

அண்ணனை எண்ணுவதா விடுவதா என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகங்கள் என் கண்முன் வந்தன. அவ்வெறுமையைத்தான் அவர் பிள்ளைப்பேறாகக் கூட்டியிருந்தார். அத்தாளைக் கையில் பிடித்தபடி நான் சிரித்தேன். அச்சிரிப்பைக் கேட்டு யாழினி அறைக்கதவைத் திறந்து, “ஆர் செத்தது?” என்று கேட்டாள்.

பதினான்கு நாள் உழைத்தேன். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுவித்தேன். மிகாத இடத்தில் நீக்கினேன். ஒருமை பன்மை மயங்கிய தொடர்களைச் சீராக்கினேன். அவருடைய இறுதி அத்தியாயத்தைத் தனிப்பரிவோடு செப்பனிட்டேன். ‘மென்பொருள் நிறுவியிருக்கிறது’ என்பதை ‘ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கிறது’ என்று மாற்றினால் நடை சிறக்கும் என்று ஓரத்தில் குறித்தேன். ஏற்றுக்கொண்டார்.

“அந்தாளுக்கு ஒரு சொல்லுச் சொன்னா என்ன?” என்றார் தயாபரன்.

“எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டேன்.”

“உமக்குப் பாவமா இல்லையோ?”

“ஒற்றுப்பிழை ஒன்றாவது விட்டிருந்தால் பாவம்.”

அவர் என்னை முதன்முறை பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு இயக்குநரே மீண்டும் அழைத்தார்: வெளியீட்டு விழாவில் மென்பொருளை மேடையில் இயக்கிக்காட்ட ஒருவர் வேண்டும், மருமகனுக்கு மேடைக் கூச்சம், யாரேனும் தெரியுமா? தெரியும் என்றேன். களனியிலுள்ள பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்திருந்த ரிஸ்னாவின் பெயரைக் கொடுத்தேன். அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஒன்பதைக் கண்டால் அவளால் கடந்துபோக முடியாது.

6

நூல் வெளியீட்டை இந்நகரத் தமிழர் திருமணம்போல் நடத்துவார்கள். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை. அதன்பின் முதற்பிரதி. ஊரில் செல்வாக்குள்ள வணிகர் ஒருவர் மேடையேறி அதைப் பெறுவார். தொடர்ந்து சிறப்புப் பிரதிகளுக்காக ஒவ்வொருவர் பெயராக அழைப்பார்கள். அழைக்கப்படாதவர் அடுத்த விழா வரை மனத்தாங்கலோடு திரிவார். வெள்ளவத்தை மண்டபம் அன்று நிறைந்திருந்தது. நானும் கணவரும் மகளும் நான்காம் வரிசையில் அமர்ந்தோம். என் பெயர் அழைக்கப்படவில்லை.

தலைமை விருந்தினர் இறுதி அத்தியாயத்தைப் படித்து உருகிப்போயிருந்தார். “எங்கட வீடுகள் வெறுமையாகேல்லை! இதை நான் சொல்லேல்லை, கம்பியூட்டர் சொல்லுது!” என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

பிறகு ரிஸ்னா மேடையேறினாள். திரையில் தரவு விரிந்தது. நூலிலுள்ளபடி கட்டளையிட்டாள்: வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ நான்கு, கொட்டாஞ்சேனைக்கு இரண்டரை. இயக்குநர் சபையை நோக்கித் தலையசைத்தார். ரிஸ்னா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிரைகளை மேலும் கீழுமாக நகர்த்தினாள். அவளுக்கு அத்தரவு நினைவுக்கு வந்துவிட்டது என்பதை அவள் தோள்களில் கண்டேன்.

“சேர், இதில நிறைய ஒம்பது ஈக்கிதே?”

“ஒன்பது சகோதரர்,” என்றார் இயக்குநர், ஒலிவாங்கியில், தெளிவாக.

“ஏழு இல்ல, எட்டு இல்ல, நேரா ஒம்பதா சேர்?”

பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் குரல் கொடுத்தார்: “ஐசே, ரெண்டு அறைப் பிளாட்டில ஒன்பதும் ஒண்டுமாப் பத்துப் பிள்ளையள் எங்க ஐசே படுக்கிறது? கட்டில் தட்டுத் தட்டாவோ?”

மண்டபம் அதிர்ந்தது. ரிஸ்னா சிரிக்கவில்லை. “இது ஆளில்ல சேர். பதில் தராத எடம்,” என்று சொல்லி, ஒன்பதுகளை மௌனமென அறிவிக்கும் கட்டளையைத் தட்டினாள். வெள்ளவத்தையின் நான்கு, எல்லோர் கண்முன்னும், ஒன்றரைக்குச் சற்று மேலாகச் சுருங்கியது. கொட்டாஞ்சேனையைவிடக் குறைவு. நூலின் இறுதி அத்தியாயம் அந்நொடியில் இறந்தது. தலைமை விருந்தினர் தம் பொன்னாடையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. அதை இயக்குநரே எனக்குப் பரிசளித்தார். முகம் சிவந்து, ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு, சபைக்குள் விரல் நீட்டினார்.

“நீங்கள்தானே மிஸ் பிழை பாத்தது! உங்கட டேட்டாதானே இது! நீங்களெல்லோ சொல்லியிருக்க வேணும்!”

எல்லாத் தலைகளும் திரும்பின. “ஆர் அவ?” என்று யாரோ கேட்டார்கள். தயாபரன் என் சேலைத்தலைப்பைப் பிடித்து, “இரும், இரும், எழும்பாதையும்,” என்றார். அவர் அஞ்சியது எதற்கென்று எனக்குத் தெரியும். எழுந்து நின்று, கற்பித்தவள் நான்தான் என்று இத்தனை பேர் முன் சொன்னால், இசைவில் குத்திய முத்திரை என்னை மீண்டும் திருச்சிக்கே அனுப்பக்கூடும். மகள் இங்கே, நான் அங்கே. ஆனால் அமர்ந்தே இருந்தால், அந்த மனிதர் ஒரே மூச்சில் எனக்குத் தந்த என் தரவை அடுத்த மூச்சில் எடுத்துக்கொள்வார்.

எழுந்தேன்.

“என் பெயர் வி. மங்கையர்க்கரசி. அத்தரவைத் திரட்டியவள் நான். இந்நூலில், இறுதி அத்தியாயம் நீங்கலாக, எல்லாவற்றையும் எழுதியவளும் நான். அந்த ஒன்பதுகள், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனையும் அக்காவையும் எண்ணலாமா என்று தெரியாமல் பிள்ளைகள் வெற்றாக விட்ட இடங்கள். அச்சுப்படியில் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கும்படி ஐயா கேட்டார். தமிழில் பிழை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள். அதற்கு நான் பொறுப்பு.”

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வெற்றாக விட்ட இடங்களைப் பற்றிச் சொன்ன தொடரை, அருகிலிருப்பவரிடம் சிலர் திரும்பவும் சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். என் முன்னால் அமர்ந்திருந்த தாய் ஒருத்தி கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள். நன்றியுரை வழங்க வேண்டிய மருமகனைக் காணவில்லை. இஞ்சித் தேநீரும் ரோல்ஸும் வந்தன. நான் இரண்டு ரோல்ஸ் உண்டேன். அவ்வளவு சுவையாக எதையும் அண்மையில் உண்டதில்லை.

வீடு திரும்பும்போது யாழினி என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். “அம்மா, நீங்க பயங்கரம்,” என்றாள். அவள் தோழியர் எதிரே வந்தார்கள். கையை விடவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

7

குடிவரவு அலுவலகத்திலிருந்து எவரும் வரவில்லை. வந்தவர் இயக்குநர்தான், பழக்கூடையோடு. இரண்டாம் பதிப்பில் இணையாசிரியர் என்று என் பெயரையும் போடுவதாகவும், அத்தியாயத்தை நீக்கிவிடுவதாகவும், நடந்ததை இருவரும் மறந்துவிடலாம் என்றும் சொன்னார். நான் மறுத்தேன்.

“ஏன் மிஸ்? பேர்தானே கேட்டனீங்கள்?”

“அந்நூலில் உங்கள் பெயர் மட்டுமே இருக்க வேண்டும்,” என்றேன். “அப்படியே இருக்கட்டும். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.”

அவர் பழக்கூடையை மறந்து சென்றார். மாம்பழங்கள் நன்றாயிருந்தன.

அதன்பின் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றேன். அதன் அலைச்சல்களைத் தனியே எழுதினால் இன்னொரு புராணமாகும்; ஒன்று மட்டும் சொல்கிறேன், இப்போதும் கூப்பிடும்போது என் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். கொட்டாஞ்சேனையில், அதே தெருவில், என் பெயர்ப்பலகை தொங்கும் சிறிய வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். என் பெயரில் புதிய வழிகாட்டி நூலும் வெளிவந்திருக்கிறது. அதன் முதற்பயிற்சி, இயக்குநர் நூலின் இறுதி அத்தியாயம். தரவோடு முழுவதும் எடுத்துத் தந்து, இதிலுள்ள தவறு யாது என்று கேட்டிருக்கிறேன்.

யாழினி அதைப் பார்த்துவிட்டு, “உங்கட புத்தகமும் அவரோடதான் தொடங்குது. உங்களுக்கு அவரை விட ஏலாதாம்மா?” என்றாள். ஏலாது என்றேன். பெருந்தன்மை என்பது வென்றவர்க்கு அணி என்று நூல்கள் கூறும். எனக்கு நகைகளில் விருப்பமில்லை.

சென்ற வாரம் புதிய மாணவர் அணிக்கு முதல்நாள். அறைக்கு வெளியே செருப்புகள் குவிந்திருந்தன. ஒரு பெண் நிரைகளைப் படித்துக்கொண்டே போனவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“மிஸ், இந்த ஒம்பது எல்லாம் ஆக்கள் இல்லை!”

“ஆம்.”

“பாவம் மிஸ், இதைக்கூடப் பாக்காம எழுதியிருக்கிறார். ஆர் மிஸ் இவர்?”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. இவ்விதழில் நான் அவர் பெயரை எழுதவில்லை. திருச்சியில் உள்ளவர்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. ஆனால் அங்கே, வெண்பலகையில், முன்னெழுத்தும் பட்டமும் ஒன்றுகூட விடுபடாமல், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் அதை எழுதினேன்.

“நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்,” என்றேன். “எவருடைய எழுத்தை எடுத்தாண்டாலும் அவர் பெயரை விடாமல் சொல்ல வேண்டும்.”